முள்வேலி ஜமீன்தார் தன் மாமாவுக்கு எழுதும் பதில்

புக்கிட் லாடா தோட்டம்,
அலோர் காஜா போஸ்டு, மலாக்கா.
12.4.1953

மகாராஜராஜஸ்ரீ மாமா சாமிக்கண்ணு அவர்கள் சமூகத்துக்கு மைத்துனன் நல்லமுத்து தலைதாழ்த்தி எழுதிக்கொள்வது.

இவ்விடம் நானும் முனியாயியும் சுகம் என்று எழுதத்தான் கை போகிறது. ஆனால் போன வருஷம் தை மாதம் அப்படி எழுதியதற்கு ஒன்பது பேர் பணம் கேட்டு எழுதினார்கள். கார்த்திகையில் சுகமில்லை என்று எழுதினேன், அதற்குப் பதினோரு பேர் பணம் கேட்டு எழுதினார்கள். ஆகையால் இந்தத் தடவை எங்கள் சுகத்தைப் பற்றி ஒன்றும் எழுதுவதாக இல்லை. இருக்கிறோம். அவ்விடம் நீங்களும், அக்கா இருசம்மாளும், எல்லாருக்கும் மேலாக என் மகள் பாக்கியலட்சுமியும் எப்படி இருக்கிறீர்கள் என்று விவரமாக எழுதவும். எழுதும்போது பணம் என்ற சொல் வராமல் ஒரே ஒரு கடிதம் எழுத முடிகிறதா என்று முயற்சி செய்து பார்க்கவும்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உங்கள் கடிதங்களில் வருவதுபோல் கடைசி வரியில்தான் வரும். தாங்கள் மாசி மாதம் எழுதி முந்நூறு ரூபாய் கேட்ட கடிதம் கிடைத்தது. அனுப்பமாட்டேன். முந்நூறு மட்டுமல்ல, மூன்று ரூபாய்கூட அனுப்பமாட்டேன். இந்த வருஷம் இந்தத் தோட்டத்திலிருந்து நம் ஊருக்கு வரப்போவது ஒரே ஒரு பொருள். அது பாக்கியத்துக்காக நான் இங்கே பணம் கட்டி வாங்கி வைத்திருக்கும் கப்பல் டிக்கெட்டு. நாலு வயசில் உங்களிடம் விட்ட பிள்ளைக்கு இப்போது ஒன்பது வயசு. வருகிற ஆகஸ்டு மாதத்துக்குப் பிறகு இந்தியாவிலிருந்து ஆட்கள் வந்து இறங்குவது இப்போதுபோல் சுலபமாக இருக்காது என்று ஆபீஸில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி பாலகிருஷ்ணன் சொல்கிறார். பெற்ற பிள்ளைக்குத் தடை இருக்காது என்று ஒருவர் சொல்கிறார், அதற்கும் எழுத்து கேட்பார்கள் என்று இன்னொருவர் சொல்கிறார். யார் சொல்வது சரி என்று பிள்ளையை இறங்குதுறையில் நிறுத்தி வைத்துத் தெரிந்துகொள்ள எனக்கு விருப்பமில்லை. ஆடி பிறப்பதற்குள் என் மகள் இங்கே இருக்கவேண்டும். இதுதான் விஷயம். இனி நான் எழுதுவதெல்லாம் இந்த முடிவுக்கு நான் எப்படி வந்தேன் என்பதுதான், அதைத் தாங்கள் வெற்றிலை போட்டுக்கொண்டு நிதானமாகப் படிக்கலாம்.

நாற்பத்தெட்டாம் வருஷம் முனியாயி பிள்ளைக்கு முடியிறக்க ஊருக்கு வந்ததும், அவள் அங்கே இருக்கும்போதே இங்கே அவசரகாலம் என்று அறிவித்துச் சுடுவதும் கொளுத்துவதுமாக ஆனதும், "சண்டை அடங்குற வரைக்கும் புள்ள எங்ககிட்ட இருக்கட்டும்" என்று அக்கா சொன்னதும் யாருடைய குற்றமும் இல்லை. அக்காவுக்குப் பிள்ளை இல்லை. அவள் பாக்கியத்தை வளர்த்த அருமைக்கு நான் என்ன செய்தாலும் ஈடாகாது, அதை எந்தச் சபையிலும் சொல்வேன். ஆனால் டிக்கெட்டுப் பணம் என்று நான் அனுப்பியவை எங்கே போயின என்பதையும் அதே சபையில் சொல்லவேண்டும் அல்லவா? முதல் தடவை அனுப்பிய பணத்தில், பிள்ளை கப்பலில் தெம்பாக வரவேண்டுமென்று பால் குடிக்க ஒரு பசு வாங்கினீர்கள். அந்தப் பசு கன்று போட்டு, அந்தக் கன்றும் கன்று போட்டுவிட்டது, பிள்ளை மட்டும் இன்னும் கப்பல் ஏறவில்லை. இரண்டாம் தடவை, பிள்ளை குளிக்கத் தண்ணீர் இல்லை என்று கிணற்றை ஆழப்படுத்தினீர்கள். மூன்றாம் தடவை நிஜமாகவே டிக்கெட்டு வாங்கினீர்கள், ஆனால் அது நாகப்பட்டினத்துக்கு அல்ல, பழனிக்கு. கடல் தாண்டுகிற பிள்ளைக்கு வேண்டுதலை முடிக்காமல் அனுப்பக் கூடாது என்று பன்னிரண்டு பேர் ரயிலில் போய்வந்ததாக எழுதியிருந்தீர்கள். பன்னிரண்டில் ஒன்று பாக்கியம் என்பதால் நான் அப்போது வாயைத் திறக்கவில்லை.

இனி முள்வேலிக்கு வருகிறேன், ஏனென்றால் எல்லாம் கெட்டுப்போனது அதனால்தான். ஐம்பத்தொன்றாம் வருஷக் கடைசியில் நாங்கள் குடியிருக்கும் லயங்களையெல்லாம் ஒரே இடத்துக்கு நகர்த்திச் சுற்றிலும் முள்கம்பி வேலி போட்டார்கள். காட்டுக்குள் இருக்கிற கம்யூனிஸ்டுகளுக்கு எங்களிடமிருந்து அரிசியும் மருந்தும் போய்விடக் கூடாது என்பதற்காகப் போட்ட வேலி. இதை அப்படியே எழுதினால் அக்கா பயந்துவிடுவாள். மலாயாவில் தினமும் ஆட்களைச் சுடுகிறார்கள் என்று யாரோ பேப்பரில் படித்துச் சொல்லி அவள் மூன்று நாள் சோறு தொடவில்லை என்று நீங்கள்தான் எழுதியிருந்தீர்கள். அவளைச் சாப்பிட வைக்கவேண்டும் என்ற ஒரே எண்ணத்தில் நான் இப்படி எழுதினேன்: "அக்காவைக் கவலைப்பட வேண்டாம் என்று சொல்லவும். எங்கள் இருப்பிடத்தைச் சுற்றி இப்போது இரும்பு வேலி போட்டிருக்கிறது. வாசலில் இரவும் பகலும் துப்பாக்கியோடு இரண்டு போலீஸ்காரர்கள் நிற்கிறார்கள். ராத்திரி முழுவதும் பெரிய விளக்குகள் எரிகின்றன. நான் வெளியே போகவேண்டுமானால் போலீஸ்காரரே வந்து கதவைத் திறந்துவிடுகிறார்." ஒரு வரிகூடப் பொய் இல்லை, மாமா. அந்த வேலிக்குள் என்னோடு இன்னும் இருநூறு குடும்பங்கள் இருப்பதை எழுதாமல் விட்டேன், அவ்வளவுதான்.

அந்தக் கடிதத்தை அக்காவுக்கு வாசித்ததோடு தாங்கள் நிறுத்தியிருக்கலாம். டீக்கடை பெஞ்சில் வைத்து வாத்தியாரை வாசிக்கச் சொன்னீர்களாம். போலீஸ்காரர் கதவு திறந்துவிடுகிற மனிதன் என்றால் கலெக்டருக்கு ஒரு படி மேலே என்று வாத்தியார் விளக்கம் சொன்னாராம். அவ்வளவுதான், மாசி முடிவதற்குள் ஒன்பது கடிதங்கள். தாங்கள் ஆயில் எஞ்சினுக்குப் பாதிப் பணம் அறுநூறு ரூபாய் கேட்டீர்கள். வடக்குத் தெருவில் கடலைக் காடு வைத்திருப்பவர், என் வேலியில் மிச்சம் விழுந்த முள்கம்பி இருந்தால் இரண்டு உருளை கப்பலில் போட்டுவிடச் சொன்னார். மாமன் முறைக்காரர் ஒருவர், எனக்குத் தம் மகளைக் கொடுக்கச் சம்மதம் என்றும், இவ்வளவு பெரிய இடத்தில் முனியாயி ஒரு மூலையில் இருந்துவிட்டுப் போகட்டும் என்றும், கல்யாணச் செலவு மட்டும் என்னுடையது என்றும் பெருந்தன்மையாக எழுதியிருந்தார். அதை நான் முனியாயிக்கு வாசித்துக் காட்டியிருக்கக் கூடாது. எட்டு நாள் எனக்கு வெறும் கஞ்சிதான், அதுவும் வாசற்படியில் வைக்கப்பட்டது. கோயில் கமிட்டியார் என்னை ஒன்றுமே கேட்கவில்லை. வெண்கல மணி உபயம் மலாயா நல்லமுத்து என்று முதலில் கல்லில் வெட்டிவிட்டார்கள், மணியின் விலையை அப்புறம்தான் எழுதினார்கள். காலையில் பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடும்போதே தபாலையும் கொடுக்கிற கிராணி ஒருநாள் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார்: "என்னய்யா நல்லமுத்து, எலெக்ஷன்ல நிக்கிறியா? தொரைக்கே இத்தன காயிதம் வரலையே."

இதையெல்லாம்கூடப் பொறுத்திருப்பேன். நம் ஊர்ப் பெரியதனக்காரர் செய்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. ஐப்பசி மாதம், மாரியம்மன் திருவிழாவுக்கு என்னுடைய போலீஸ்காரர்கள் இரண்டு பேரையும் பத்து நாள் இரவல் கேட்டு எழுதினார் அவர். பக்கத்து ஊர்க்காரர்கள் இனி நம் ஊரைப் பார்த்து மூச்சுவிடக் கூடாது என்பது அவர் ஆசை. போலீஸ்காரர்களுக்கு ஒருவேளைச் சாப்பாடு கோயில் பொறுப்பு, கப்பல் செலவும் இன்னொரு வேளைச் சாப்பாடும் என் பொறுப்பு. அதோடு நிற்காமல் ஒரு படமும் வரைந்து அனுப்பியிருந்தார். ஒரு பெரிய வாசல், அதற்கு வலப்பக்கம் துப்பாக்கியோடு ஒரு ஆள், இடப்பக்கம் துப்பாக்கியோடு ஒரு ஆள், சாமி புறப்படுகிற நேரம் இத்தனை மணி, எத்தனை மணிக்கு ஆள் மாற்றுவது என்று எல்லாம் குறித்து, அம்புக்குறியும் போட்டிருந்தார். மனுஷருக்கு நல்ல கைத்திறமை. அந்தப் படத்தை முனியாயிக்குக் காட்டிச் சிரிக்க வைக்கலாம் என்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மறந்துபோய் மறுநாள் காலை அதே சட்டையைப் போட்டுக்கொண்டு ரப்பர்ப் பால் எடுக்க மரம் வெட்டப் புறப்பட்டேன். மாமா, தினமும் காலையில் அந்த வாசலில் எங்கள் மடி, பை, வாளி எல்லாவற்றையும் தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். அன்றைக்குப் பார்த்தவர் மலாய்க்காரர். அவருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் படம் எல்லாப் பாஷைக்காரருக்கும் புரியும். தோட்டத்து வாசலும் இரண்டு காவல்காரர்களும் காவல் மாறுகிற நேரமும் குறித்த வரைபடம் என் பையிலிருந்து வந்தால் அவர் என்ன நினைப்பார்?

என்னை லாரியில் ஏற்றினார்கள். முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர். பிரட்டுக்களத்தில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். போலீஸ் ஸ்டேஷனில் ஒரு வெள்ளைக்கார அதிகாரியும், மலாக்கா பட்டணத்திலிருந்து வந்த தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரும் என்னை நடுவில் உட்கார வைத்து மத்தியானம் வரைக்கும் கேட்டார்கள். இந்த வாசல் எந்தத் தோட்டம் என்றார்கள். தோட்டம் இல்லை, மாரியம்மன் கோயில், துறையூர் தாலுகா என்றேன். அன்றைக்கு யார் வெளியே வருகிறார் என்றார்கள். சாமி என்றேன். சாமி யார், எந்த ஊர் என்று கேட்டார்கள். கடைசியில் என் பெட்டியிலிருந்த கடிதங்களையெல்லாம் கொண்டுவந்து கொட்டி, இதில் அதிகமாக எழுதியிருக்கிற சாமிக்கண்ணு என்பவர் எந்தப் பதவியில் இருக்கிறார் என்றார்கள். அக்கா புருஷன் என்றேன். மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொரு கடிதமாக வாசித்து இங்கிலீஷில் சொல்லச் சொல்ல, வெள்ளைக்காரர் முதலில் எழுதிக்கொண்டே இருந்தார், அப்புறம் பேனாவை வைத்துவிட்டார், மாமன் முறைக்காரர் பெண் கொடுக்கிற கடிதம் வந்தபோது எழுந்து ஜன்னல் பக்கம் போய்த் திரும்பி நின்றுகொண்டார். அவர் தோள் குலுங்கியதை நான் பார்த்தேன். உங்கள் எஞ்சின்தான் என்னைக் காப்பாற்றியது என்று சொல்லவேண்டும், ஏனென்றால் தொடர்ந்து ஐந்து கடிதங்களில் அதையே கேட்டிருந்தீர்கள், கம்யூனிஸ்டுகளுக்கு அவ்வளவு பொறுமை இருக்காது. வெளியே விடும்போது மொழிபெயர்ப்பாளர் என் முதுகில் தட்டி, "அண்ணே, இனிமே ஊருக்கு எழுதுனா உள்ளத உள்ளபடி எழுதுங்க லா. அலங்காரம் பண்ணி எழுதுனா இப்படித்தான் ஆவும்" என்றார். ஒரு நாள் சம்பளம் போச்சு.

உள்ளதை உள்ளபடி எழுதினேன். கார்த்திகைக் கடிதம் ஞாபகம் இருக்கும். "நாங்கள் முள்கம்பிக்குள் அடைந்து கிடக்கிறோம். காலையில்தான் கதவு திறப்பார்கள், சாயங்காலம் ஆறு மணிக்குள் உள்ளே வந்துவிடவேண்டும். போகும்போது மடியைத் தடவிப் பார்க்கிறார்கள். அரிசி அளந்துதான் கிடைக்கிறது. போன வாரம் என்னைப் போலீஸ் லாரியில் ஏற்றிக்கொண்டுபோய் விசாரித்தார்கள். ஆகையால் என்னிடம் யாரும் பணம் கேட்கவேண்டாம்." இதைவிடத் தெளிவாக ஒரு மனிதன் எழுத முடியுமா? எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். அப்போதும் டீக்கடை, அப்போதும் அதே வாத்தியார். நல்லமுத்து ஜெயிலில் இருக்கிறான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். சரி, ஜெயிலில் இருக்கிறவனிடமாவது கேட்காமல் இருப்பார்கள் என்று பார்த்தால், நீங்களே என்னை விடுவிக்கத் திருச்சியில் ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டதாகவும், அவருக்கும் சனீஸ்வரன் பூசைக்கும் சேர்த்து முந்நூறு ரூபாய் நான் உடனே அனுப்பவேண்டும் என்றும் எழுதுகிறீர்கள். அடைபட்டுக் கிடக்கிறவனிடமே ஜாமீன் பணம் கேட்ட ஊர் உலகத்தில் நம் ஊர் ஒன்றுதான் இருக்கும். கோயில் கமிட்டியார் எழுதியதையும் கேளுங்கள். ஜெயிலுக்குப் போனவன் பெயர் அம்மன் சந்நிதியில் இருக்கக் கூடாதாம், செதுக்கி எடுத்துவிட முடிவு செய்திருக்கிறார்களாம், செதுக்குகிற ஆசாரிக்குக் கூலி பதினைந்து ரூபாய் நான் அனுப்பவேண்டுமாம். பெயர் வெட்டுவதற்கும் நான், அழிப்பதற்கும் நான்.

ஆகவே மாமா, கடைசியாக ஒருமுறை சொல்கிறேன், இதையும் டீக்கடைக்குக் கொண்டுபோவதானால் வாத்தியார் விளக்கம் இல்லாமல் வாசிக்கவும். நான் ஜமீன்தாரும் இல்லை, கைதியும் இல்லை. பால்மரம் வெட்டுகிறேன். விடியும்போது காட்டுக்குப் போகிறேன், மத்தியானம் பால் எடுத்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வருகிறேன். வேலி எல்லாருக்கும் இருக்கிறது, சண்டை ஓய்ந்தால் பிடுங்கிவிடுவார்கள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மலாக்காவுக்குப் பஸ்ஸில் போய்ப் படம் பார்த்துவிட்டு, கடையில் ரொட்டி தின்றுவிட்டு, கதவு சாத்துவதற்குள் ஓடி வருகிறோம். வேலிக்குள்ளேயே தமிழ்ப் பள்ளிக்கூடம் இருக்கிறது, பிள்ளைகள் கூச்சல் போடுவது எங்கள் லயம் வரைக்கும் கேட்கும். போன மாசம் முனியாயி சீட்டித் துணி வாங்கிப் பாக்கியத்துக்கு இரண்டு கவுன் தைக்கக் கொடுத்தாள். தையல்காரர் அளவு கேட்டார். இவளுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. அடுத்த வீட்டில் ஒன்பது வயசுப் பிள்ளை ஒன்று இருக்கிறது, அதை அழைத்துக்கொண்டு போய் அளவெடுத்தாள். திரும்பி வந்து அந்தக் கவுனை மடியில் வைத்துக்கொண்டு அவள் அழுதாள், மாமா. என் பிள்ளை எவ்வளவு உயரம் என்று எனக்குத் தெரியாது. உங்கள் பசுவின் நிறம், அதன் கன்றின் நிறம், கிணற்றின் ஆழம் எல்லாம் உங்கள் கடிதங்களிலிருந்து எனக்குத் தெரியும், பிள்ளையின் உயரத்தை யாரும் எழுதவில்லை.

இனி செய்யவேண்டியது. இந்தத் தோட்டத்துக் காளிதாஸ் வருகிற வைகாசியில் ஊருக்கு வந்து ஆனி நடுவில் தன் பெண்டாட்டியோடு திரும்புகிறான். பாக்கியத்தை அவர்கள் அழைத்துவருவார்கள். டிக்கெட்டு அவனிடம் இருக்கும். அதைப் பார்க்கத் தரச் சொல்லித் தாங்கள் கேட்டால் தரக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன். உங்கள் வீட்டில் ஒருவேளைதான் சாப்பிடுவான், ஏனென்றால் இரண்டாவது வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகு நீங்கள் எஞ்சின் கதையைத் தொடங்குவீர்கள் என்று சொல்லி அனுப்புகிறேன். நல்ல நாள் பார்க்கவேண்டும் என்று தள்ளிப்போட வேண்டாம், பஞ்சாங்கம் நானே பார்த்துவிட்டேன். பிள்ளைக்குக் காய்ச்சல், அக்காவுக்கு மயக்கம், ஊரில் அம்மை என்று எது வந்தாலும் காளிதாஸ் வாசலில் உட்கார்ந்து காத்திருப்பான். பணமாக ஒரு காசு வராது. எஞ்சினுக்கு இல்லை, வக்கீலுக்கு இல்லை, மணிக்கு இல்லை, ஆசாரிக்கு இல்லை. முள்கம்பியும் இல்லை. என் மனசு கல்லாகிவிட்டது, இதில் யாரும் எதையும் வெட்டவும் முடியாது, செதுக்கவும் முடியாது.

அக்காவின் காலில் விழுந்து நானும் முனியாயியும் கும்பிட்டதாகச் சொல்லவும். பாக்கியத்துக்கு எங்கள் ஆசீர்வாதம். பெரியதனக்காரருக்கு, அவருடைய படம் இப்போது போலீஸ் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது என்று சொல்லவும். பசுவுக்கும் அதன் மக்கள் பேரன்களுக்கும் என் அன்பு. அம்மன் துணையால் எல்லாரும் பணம் கேட்காமல் நீடூழி வாழவேண்டும்.

இப்படிக்கு,
மாறாத முடிவோடு,
தங்கள் மைத்துனன்
நல்லமுத்து

பின்குறிப்பு: மாமா, இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்க்க ஆபீசுக்குப் போனேன். கிராணி என் கையில் இன்னொரு கடிதத்தைக் கொடுத்தார். விலாசம் நம் ஊர்த் தபால்காரர் எழுதிக் கொடுத்தது. உள்ளே இருந்தது பாக்கியத்தின் கையெழுத்து. அவள் எனக்கு எழுதிய முதல் கடிதம். உங்களுக்கும் அக்காவுக்கும் தெரியாமல் எழுதியிருக்கிறாள், அதற்காக அவளைத் திட்டக் கூடாது. நீங்கள் சொல்லி எழுதவைத்தது இல்லை என்பது எனக்கு நிச்சயம், நீங்கள் சொல்லியிருந்தால் இருநூறு கேட்டிருப்பாள். இவள் கேட்கவில்லை. அவள் எழுதியதை அப்படியே எழுதுகிறேன்:

"அப்பாவுக்குப் பாக்கியம் எழுதிக்கொண்டது. உங்களைக் கம்பி போட்டு அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். என்னிடம் இரண்டு ரூபாய் இருக்கிறது. இதற்குள் வைத்திருக்கிறேன். துப்பாக்கிக்காரரிடம் கொடுத்துவிட்டு அம்மாவும் நீங்களும் வெளியே வந்துவிடுங்கள். நான் கப்பலில் வரமாட்டேன். வந்தால் என்னையும் அடைத்துவிடுவார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது."

நோட்டை எட்டாக மடித்து வைத்திருந்தாள். பணம் கேட்கிறவர்களின் வாயை அடைக்க நான் எழுதிய கடிதம் என் பிள்ளையின் காலைக் கட்டிப்போட்டுவிட்டது. வீட்டுக்கு வந்து முனியாயிக்கு வாசித்துக் காட்டினேன். அவள் கத்தவில்லை. நோட்டை வாங்கிப் பிரித்துப் பார்த்துவிட்டு, "நீங்க உண்மைய எழுதுனது போதும். பொய்யே எழுதுங்க. எம்புள்ள வரட்டும்" என்றாள்.

ஆகவே மேலே எழுதியதையெல்லாம் தாங்கள் படித்ததோடு கிழித்துப் போட்டுவிடவும். பாக்கியத்துக்கு வாசித்துக் காட்டவேண்டியது போன வருஷத்துத் தை மாதக் கடிதம். டீக்கடையில் வைத்தே வாசிக்கச் சொல்லுங்கள், வாத்தியார் எவ்வளவு விளக்கம் வேண்டுமானாலும் சொல்லட்டும், நான் ஜமீன்தாராகவே இருந்துவிட்டுப் போகிறேன். கோயில் கல்லில் என் பெயரை அழிக்க வேண்டாம், அதைத் தடவிப் பார்த்தால் பிள்ளைக்குப் பயம் தெளியும், மணியைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம். என் சைக்கிளைக் கிராணிக்கு விற்றுவிட்டேன். நாளைக்கு உங்கள் பெயருக்கு நூற்றைம்பது ரூபாய் மணியார்டர் அனுப்புகிறேன். இது எஞ்சினுக்கும் அல்ல, வக்கீலுக்கும் அல்ல. அடைபட்டுக் கிடக்கிறவன் மணியார்டர் அனுப்ப முடியாது என்று ஒன்பது வயசுப் பிள்ளைக்குத் தெரிந்தால் போதும். தபால்காரர் வாசலில் நின்று நோட்டுகளை எண்ணிக் கொடுக்கும்போது அவளைப் பக்கத்தில் நிறுத்தி வையுங்கள், அப்பா அனுப்பியது என்று சத்தமாகச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு அந்தப் பணத்தில் நீங்கள் எந்த மாட்டை வாங்கினாலும் நான் கேட்கமாட்டேன். கையெழுத்துப் போட்ட கையோடு அவளைக் காளிதாஸோடு கப்பலேற்றுவதற்குத் தயார்செய்யுங்கள்.

அவள் அனுப்பிய இரண்டு ரூபாய் வந்து சேர்ந்தது. சரியாக அவ்வளவுதான் கேட்டார்கள், கொடுத்ததும் அப்பாவையும் அம்மாவையும் விட்டுவிட்டார்கள் என்று அவளிடம் சொல்லுங்கள்.